கத்திரி வெயிலில் பந்தல்: கூலருக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

மே மாதம் விசேஷம் வைக்கிறவர்கள் பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுக்க வரும்போது முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை கூலர் போட்டாப் போதும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. விசேஷம் எத்தனை மணிக்கு, பந்தல் எந்தப் பக்கம் பார்த்து, மேலே போடப்போவது என்ன? இந்த மூன்றும் சரியாக இருந்தால் கேட்ட கூலரில் பாதிக்கு வேலையே இருக்காது. இவை கோணலாக இருந்தால், எத்தனை கூலரை இறக்கினாலும் அதற்கு நேர் எதிரே நாற்காலி பிடித்தவர்கள் மட்டும் சந்தோஷமாக இருப்பார்கள்; மற்றவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு இருப்பார்கள்.

நான் மதுரைப் பக்கம் பந்தல் தொழில் செய்கிறவன். அப்பா காலத்தில் சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, தேங்காய் நார்க் கயிறு, அவ்வளவுதான். இப்போது இரும்புக் குழாய், தகரம், துணி, வெள்ளை ஷீட் போட்ட ஜெர்மன் பந்தல் என்று எல்லாம் வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அன்னதானம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். இங்கே சொல்வது உள்மாவட்ட வெயிலை வைத்து. கடலோர ஊர்க்காரர்களுக்கு எது மாறும் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

பந்தலுக்குள் ஆள் வேகிறதற்குக் காற்றின் சூடு மட்டும் காரணம் இல்லை. மதிய வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டிக் காயும். அந்தச் சூடு நேராகத் தலை மேல் இறங்கும். நிழலில் உட்கார்ந்திருந்தும் உச்சந்தலை சுடுவது இதனால்தான். அடுத்தது, கூட்டமே சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளியேறும். 300 பேர் என்றால் 30,000 வாட். இரண்டாயிரம் வாட் வெந்நீர் ஹீட்டர் பதினைந்தைப் பந்தலுக்குள் ஓடவிட்ட கணக்கு அது. அந்தச் சூடும் வியர்வை ஈரமும் வெளியே போக வழி இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் உள்ளே புழுக்கம் கட்டிக்கொள்ளும்.

நேரமும் இடமும்

காசே செலவழிக்காமல் கிடைக்கிற குளிர்ச்சி நேரத்தில்தான் இருக்கிறது. கத்திரி பெரும்பாலும் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே, மதுரை, திருச்சி, கரூர், வேலூர்ப் பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தொட்டுவிடும் நாட்கள் உண்டு. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலைப் பலகாரத்தோடு வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்; உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. சிக்கல் காதுகுத்தில்தான். பத்தரை மணிக்குக் காது குத்தி, பன்னிரண்டுக்குத் தாய்மாமன் சீர் வந்து, ஒன்றரைக்குப் பந்தி முடிவதற்குள் குழந்தை அழுது அழுது வாடிவிடும். ஒன்பதுக்குள் குத்தி முடித்துவிடுங்கள் என்று நான் சொன்னால், "சீர் வர லேட்டாகும்ணே" என்பார்கள். சீர் வருகிற நேரத்தையும் சேர்த்துத்தான் மாற்றச் சொல்கிறேன்.

சாயங்கால ரிசப்ஷன் வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சூரியன் இறங்கினதும் தகரம் சீக்கிரம் ஆறிவிடும். சிமென்ட் தளமும் தார் ரோடும் ஆறாது. மொட்டை மாடியில் பந்தல் போட்டு ஏழு மணிக்கு ஆட்களை உட்கார வைத்தால், பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பத்து வரைக்கும் கக்கும். மாடிதான் இடம் என்றால், காலையிலேயே கூரையைப் போட்டுத் தளத்தின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்குத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே தேங்காய் நார் விரிப்பைப் போட்டுவிட்டால் வித்தியாசம் காலிலேயே தெரியும். தெருவை அடைத்துப் போடும் பந்தலுக்கும் இதே முறைதான்.

மண் தரை, பக்கத்தில் வேம்போ புங்கையோ நிற்கிற இடம் கிடைத்தால் அதற்காக அரை கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் தப்பில்லை. மண் தரைக்கு முதல் நாள் சாயங்காலமும் அன்று விடிகாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தூசியும் அடங்கும். சேறாகிற அளவுக்கு வேண்டாம். பட்டுச் சேலைக் கரையைப் பார்த்ததும் உங்கள் அத்தைமார் என்னைத்தான் திட்டுவார்கள்.

பந்தலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். குறுகிய பக்கங்கள் கிழக்கிலும் மேற்கிலும் வரும். சாய்வாக அடிக்கிற காலை வெயிலும் மாலை வெயிலும் கொஞ்ச இடத்தில்தான் உள்ளே நுழையும். உச்சி வெயிலைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்புக் கணக்கு உண்டு. தெற்கிலிருந்து அடிக்கும் என்று நினைத்துத் தெற்கே தட்டி கட்டச் சொல்வார்கள். மார்கழி, தையில் அது சரி. மதுரையில் ஏப்ரல் நடுவிலேயே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மே மாதத்தில் மதியம் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் கோடையில் தெற்குப் பக்கத்தைத் தாராளமாகத் திறந்து விடலாம்.

கல்யாணத்தில் மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவது வழக்கம். அப்படியென்றால் மேடையின் பின்புறம் மேற்கே வரும். பின்னால் கட்டுகிற அலங்காரத் தட்டி மாலை வெயிலை மறைத்துவிடும், நல்லது. ஆனால் வைகாசியில் எழும்பும் மேல்காற்றையும் அதுவே அடைத்துவிடும். மேடைக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு அடி சந்து விடச் சொல்லுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டாம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகையே சொல்லிவிடும்.

கூரை

கீற்றுக்கு நிகர் கீற்றுதான். முடைந்த தென்னங்கீற்றை நெருக்கமாக வேய்ந்தால் வெயில் மேலேயே நின்றுவிடும், ஓலை இடுக்கு வழியாகச் சூடு மேலே போய்விடும். முதல் நாள் இரவு தண்ணீர் அடித்து நனைத்து வைத்தால் மறுநாள் காலை பத்துப் பதினொரு மணி வரை அந்த ஈரமே கூரையைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஆனால் கீற்றுக்குத் தீ ஆபத்து உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். அதோடு இப்போது நல்ல கீற்று கிடைப்பதும், வேயத் தெரிந்த ஆள் கிடைப்பதும் சுலபமில்லை.

தகரம்தான் போடப்போகிறோம் என்றால், தகரத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்கக் கூடாது. கீழே ஒரு சீலிங் துணி வேண்டும். அழகுக்கு என்று நினைத்துத் தகரத்தோடு ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் துணியும் சேர்ந்து காயும். தகரத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒன்றரை இரண்டு அடி இடைவெளி விட்டு, அந்த இடைவெளி இரண்டு முனையிலும் திறந்திருக்கும்படி கட்ட வேண்டும். நடுவில் காற்று ஓடும், துணி சூடேறாது, கீழே அனல் இறங்காது. கறுப்பு, கருநீலம், மெரூன் துணியெல்லாம் இரவு விசேஷத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பகலுக்கு வெள்ளை, சந்தன நிறம்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் தகரத்துக்கு மேலே, அரை அடி தூக்கி, நர்சரிகளில் கட்டுகிற பச்சை வலையையோ பழைய கீற்றையோ விரிக்கச் சொல்லுங்கள். வெயில் தகரத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே தடுப்பதுதான் நோக்கம். நனைத்த சணல் சாக்குகளைத் தகரத்தின் மேல் பரப்பி, அவ்வப்போது ஆள் விட்டுத் தண்ணீர் ஊற்றுவது இன்னும் பலன் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சூடு கூரையிலிருந்து போகிறது, பந்தலுக்குள் ஈரமும் ஏறுவதில்லை. பந்தலுக்கு உள்ளே தெளிப்பதை விடக் கூரைக்கு மேலே ஊற்றுவதே மேல் என்று நான் சொல்வது இதனால்.

நீலத் தார்ப்பாய் வேண்டாம். அது மழைக்கு. வெயிலில் அதன் அடியில் உட்கார்ந்தால் முகமெல்லாம் நீலமாகத் தெரிவது போக, சூடும் வாடையும் சேர்ந்து தலைவலி வரும். வெறும் ஒற்றைத் துணிச் சாமியானாவும் பகல் பன்னிரண்டுக்குப் போதாது. இரட்டைத் துணியாகக் கேளுங்கள்.

உயரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஓரத்தில் பத்து அடி, நடு முகட்டில் பதினாலு பதினாறு அடி. சூடான காற்று மேலே ஏறும்; ஏறி நிற்க இடமும், வெளியேற ஒரு வழியும் வேண்டும். முகட்டில் இரண்டு தகரத்தையும் முட்ட வைக்காமல் ஒரு அடி இடைவெளி விட்டு, அதற்கு மேல் ஒரு குல்லாத் தகரத்தைத் தூக்கிக் கட்டினால் சூடு தானாக வெளியே போகும். இது ஒரு மணி நேர வேலை. கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், நான் உட்பட.

பக்கவாட்டுத் திரை என்கிற சண்டை

நான் முகட்டைத் திறந்து, தெற்கைத் திறந்து பந்தலைக் கொடுத்துவிட்டுப் போவேன். அப்புறம் டெக்கரேஷன்காரர் வந்து நாலு பக்கமும் மடிப்பு வைத்த துணியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டுவிடுவார். வீடியோவில் பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். உள்ளே மூச்சு முட்டும். வீட்டுக்காரர்தான் இதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்: திரை மேலேயிருந்து தொங்கி, தரைக்கு ஆறு ஏழு அடி மேலேயே நின்றால் போதும், கீழே காற்று வர விட வேண்டும், எதிர்ப்பக்கம் மேலே காற்று போக விட வேண்டும். மேற்குப் பக்கத்தில் மட்டும் சாயங்கால வெயிலுக்காக மனித உயரத்துக்குச் சற்று மேலே வரை கீற்றுத் தட்டி தொங்கவிடலாம். கடலூர்ப் பக்கத்து வெட்டிவேரில் செய்த தட்டி கிடைத்தால் காற்று வரும் பக்கத்தில் கட்டி நனைத்து விடுங்கள். குளிர்ச்சியோடு வாசமும் வரும். பெரிய பந்தல் முழுக்கக் கட்ட முடியாது. வயசானவர்கள் உட்காரும் மூலைக்குக் கட்டலாம்.

மேடை விளக்கையும் இதோடு பேசிவிடுங்கள். பழைய ஹாலஜன் ஃபோகஸ் ஒன்று 1,000 வாட். நான்கை மணமக்கள் முகத்துக்கு நேரே வைத்தால், பட்டும் மாலையும் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்கிற அந்தப் பெண்ணின் கதி என்ன? எல்இடி விளக்கு மட்டும்தான் என்று வீடியோக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

விசிறி, கூலர், ஏசி

பெடஸ்டல் ஃபேன்களை ஒன்றுக்கொன்று முகம் பார்த்து வைப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். இரண்டு காற்றும் நடுவில் மோதி நின்றுவிடும். காற்று வரும் பக்கத்தில் வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் ஓடவிடுங்கள். எதிர்ப்பக்கம் அது வெளியேறட்டும். 24 அங்குல ஃபேன் ஒன்றுக்கு இருபது இருபத்தைந்து பேர் என்பது என் கணக்கு. தகரத்தை ஒட்டி சீலிங் ஃபேன் மாட்டினால் கூரையின் அனலைத்தான் கீழே தள்ளும். நடுவில் சீலிங் துணி இருந்தால் மட்டும் மாட்டலாம்.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைக் காய வைக்கிறது. நம் தோலின் சூடு 35 டிகிரி வாக்கில் இருக்கும். வெளியே 40ஐத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் மேலே வீசும். வியர்வை குறைவாக வருகிற வயசானவர்களுக்கு அது ஆபத்து. அப்போது காற்றோடு ஈரமும் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது தோப்பரை என்கிற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூலருக்கு வருவோம். கூலர் தன் ஊரைப் பார்த்துத்தான் வேலை செய்யும். உங்கள் ஊரில் அது எவ்வளவு குளிர்விக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி இருக்கிறது. சாதாரண அறை வெப்பமானியின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, விசேஷ நேரத்தில் நிழலில் வைத்து, ஃபேன் காற்று படவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த அளவில் வந்து நிற்கிறதோ, எந்தக் கூலரும் அதற்குக் கீழே போகாது. மதுரையில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அது 25 வாக்கில் நிற்கும். நல்ல கூலர் 28, 29இல் காற்று தரும். சொர்க்கம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 29இல் நின்றுவிடும். கூலரிலிருந்து 30, 31இல் சொதசொதவென்று காற்று வரும், வியர்வையும் காயாது. கடலோரத்தில் கூலர், தண்ணீரைத் தூறலாக வீசுகிற மிஸ்ட் ஃபேன் இவற்றின் காசை மிச்சம் பிடித்து இன்னும் நாலு ஃபேன் போடுங்கள். கடல்காற்று வரும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்தை முழுதாகத் திறந்துவிடுங்கள்.

கூலரைப் பந்தலுக்கு உள்ளே வைப்பது அடுத்த தப்பு. உள்ளே இருக்கிற ஈரக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்தால் எப்படிக் குளிரும்? முதுகு வெளியே, முகம் உள்ளே. வெளியிலிருக்கும் வறண்ட காற்றை அது இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். பெரிய கூலர் வறண்ட வெயிலில் மணிக்கு முப்பது நாற்பது லிட்டர் வரை குடிக்கும். பக்கத்தில் 200 லிட்டர் டிரம்மும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாவிட்டால் முகூர்த்த நேரத்தில் அது வெறும் ஃபேன்தான். டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கூலரின் உள்தொட்டியை முதல் நாளே கழுவச் சொல்லுங்கள். பழைய பாசித் தண்ணீரின் வாடை பந்தல் முழுக்கப் பரவும்.

"ஐஸ் பார் வாங்கிக் கூலர்ல போட்டுரலாமாண்ணே?" என்று கேட்காத வீடு இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கிற சூடு ஏறக்குறைய 334 கிலோஜூல். அதே ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் அதைப் போல ஏழு மடங்கு எடுக்கும். ஐஸ் வாங்குகிற காசுக்கு இன்னொரு டிரம் தண்ணீரும் நல்ல காற்றோட்டமும் போதும். ஐஸ் பார் வாங்கினால் தண்ணீர் பாட்டிலையும் கேனையும் சுற்றி அடுக்க வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்குப் போடுகிற ஐஸாக இருக்கலாம், குடிக்கிற எதிலும் நேராகப் போடாதீர்கள்.

மிஸ்ட் ஃபேனை ஓரத்தில், ஆட்கள் நடக்கும் வழியில், குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் வையுங்கள். மேடை, பந்தி, சவுண்ட் பெட்டி, கேமரா இவற்றின் பக்கம் வேண்டாம். தண்ணீரும் கரண்டும் சேருகிற இடம் என்பதால் ஷாக் அடித்தால் தானாக அணைகிற டிரிப்பர் இல்லாமல் எந்த லைனும் இழுக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் "ஒண்ணும் ஆகாது சார்" என்றால் ஆளை மாற்றுங்கள்.

ஏசி பந்தல் கேட்கிறவர்களுக்கு: 300 பேர் உடம்புச் சூட்டுக்கு மட்டுமே எட்டு ஒன்பது டன் ஏசி போய்விடும். கூரை வழியாக இறங்குவது, கதவு திறந்து மூடுவது, விளக்கு எல்லாம் சேர்த்தால் அது போல மூன்று நான்கு மடங்கு. அதற்கு ஜெனரேட்டர், டீசல். அந்தக் காசுக்கு ஒரு ஏசி மண்டபமே எடுத்துவிடலாம். என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அடுப்படி, பந்தி, குடிக்கத் தண்ணீர்

சமையல் கொட்டகை காற்று போகிற பக்கத்தில், பந்தலை விட்டு நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் அடுப்பு மூட்டினால் புகையும் அனலும் தாளிப்பும் சேர்ந்து விருந்தாளிகள் மேல் வரும். பந்திக்குத் தனிப் பந்தல் போடுங்கள்; சூடான சோறு, சாம்பார், ரசத்தின் ஆவியே அந்த இடத்தைப் புழுங்க வைக்கும், அங்கே ஃபேன் இரண்டு பங்கு வேண்டும்.

ஆட்கள் வெயிலில் வாடுவது பெரும்பாலும் பந்தலுக்குள் அல்ல, பந்தலுக்கு வெளியே. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை, பந்திக்குக் காத்திருக்கும் இடம், கை கழுவுமிடம், செருப்பு விடுமிடம். பெரிய பந்தலில் ஒரு வரிசை இடத்தைக் குறைத்தாவது இந்த வழியெல்லாம் நிழல் போடுங்கள். செருப்பு வெயிலில் கிடந்தால் திரும்பிப் போகிறவர் காலைப் பொத்துப் போக வைக்கும்.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் அரசு விருது விழா ஒன்று திறந்த மைதானத்தில் நடந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத் தாக்குதலால் இறந்துபோனார்கள். மேடைக்குக் கூரை இருந்தது. கூட்டத்துக்கு இல்லை. கட்சிக்காரர்களிடம் மேடைக்கு மட்டும் ஆர்டர் வரும்போதெல்லாம் நான் இதைச் சொல்லிக் காட்டுகிறேன். பாதிப் பேராவது கேட்கிறார்கள்.

குடிதண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டர் கணக்கு வையுங்கள், அரை நாள் விசேஷத்துக்குக் கூட. வாசலில் ஓர் இடம், பந்தலின் நடுவில் ஓர் இடம், பந்தி முன்னால் ஓர் இடம். நீர்மோர் 100 பேருக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் 40 லிட்டர். அதற்கு எட்டு லிட்டர் தயிர், மிச்சம் தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் ருசிக்கு. உப்பைக் குறைக்காதீர்கள், வியர்வையில் போவது அதுதான். மொத்தமாகக் காலையிலேயே கலக்கி வைத்தால் பதினொரு மணிக்குப் புளித்து நாறும். தயிரைக் குளிர்ச்சியில் வைத்து, பத்துப் பத்து லிட்டராகக் கலக்குங்கள். பானகத்துக்கு 15 லிட்டருக்கு இரண்டரை கிலோ வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. மண்பானையில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் ஐஸ் தேவையில்லை. நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் தர்பூசணியும் வெட்டுவதை ஈ மொய்க்காத இடத்தில், அவ்வப்போது வெட்டிக் கொடுங்கள். வாசலில் சந்தனம், பன்னீரோடு ஒரு பனை ஓலை விசிறியும் கொடுத்துப் பாருங்கள். கரண்ட் போனாலும் நிற்காத விசிறி அது.

இவ்வளவும் வைத்தும் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று ஆண்கள் யோசிப்பதில்லை. கழிப்பறை இல்லை, அல்லது இருப்பது போகிற மாதிரி இல்லை. சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை குறைந்தது இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். கூலரில் ஒன்றைக் குறைத்துக்கூட இதைச் செய்யலாம்.

யாரைக் கவனிக்க வேண்டும்

வயசானவர்கள், கைக்குழந்தைகள், மாசமாக இருக்கும் பெண்கள், இவர்களுக்குப் பந்தலின் குளிர்ந்த மூலையை முன்பே ஒதுக்கிவிடுங்கள். முதல் வரிசை சோபா மரியாதைக்கு நல்லது, காற்றுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் ஓர் அறையைக் கேட்டு, ஃபேன் போட்டு, பாய் விரித்து வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து யாரும் நினைக்காத ஆட்கள்: வாசலில் வெயிலில் நின்று ஊதுகிற நாதஸ்வரக்காரர், செண்டை மேளக்காரர்கள், அடுப்பின் முன் நிற்கிற சமையல் ஆட்கள், பரிமாறுகிற பையன்கள், வண்டி நிறுத்தச் சொல்லிக் கொடுப்பவர், கூரை மேல் தண்ணீர் ஊற்றுகிற என் ஆட்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான். மணிக்கொரு தடவை மோர் இவர்களுக்குத் தேடிப் போக வேண்டும்.

யாராவது தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்றால் நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆனால் பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், உடம்பு கொதித்தால், வலிப்பு வந்தால், அது வெப்பத் தாக்குதல். வியர்வை வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108. ஆம்புலன்ஸ் வரும் வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஃபேன் வையுங்கள்; கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் உள்ளே வருகிற வழியில் யார் வண்டியும் நிற்காமல் முன்பே கயிறு கட்டி வையுங்கள்.

தீ, காற்று, மழை

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நடந்த இடத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதற்கப்புறம் மாடியில் கீற்று போட நான் ஒத்துக்கொள்வதில்லை, எவ்வளவு காசு கொடுத்தாலும். தரையில் போடும்போதும் எதிரெதிரே இரண்டு அகல வழி, அடுப்புக்கு மேல் தகரம் மட்டும், விளக்கும் வயரும் ஓலையைத் தொடாமல் தள்ளி, நாலு மூலையிலும் தண்ணீர் டிரம்மும் மணல் வாளியும். வாணவேடிக்கை கிடையாது.

கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றுதான் பந்தலுக்கு எமன். மதியம் மூன்று நான்கு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, ஒரே சுற்றில் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். தகரத்துக்குக் கட்டுக் கம்பி ஒவ்வொரு குழாயிலும் விழுந்திருக்கிறதா, ஓரக் கால்களுக்கு இழுவைக் கயிறு தரையில் முளை அடித்துக் கட்டியிருக்கிறதா என்று காலையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். சீலிங் துணியில் தண்ணீர் தேங்கித் தொங்க ஆரம்பித்தால் கீழே இருப்பவர்களை நகர்த்திவிட்டு ஒரு கம்பால் ஓரத்துக்குத் தள்ளி வடிய விடுங்கள். காற்று பலத்தால் ஃபேன், கூலர், விளக்கு லைனை அணைக்கச் சொல்லிவிட்டு, ஆட்களைப் பந்தலுக்கு அடியில் நிற்க விடாமல் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிடுங்கள். பந்தலை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.